பைப்புத் துண்டுக்குள் ஆறு மாத வெயில்

ஆனி மாதம், மதியம் 12 மணி 10 நிமிடம் வாக்கில், அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். வடக்குக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள்ளே, அதாவது தெற்கு நோக்கி, விழுந்திருக்கும். சுவர் ஒரு மீட்டர் உயரம் என்றால் நிழலின் நீளம் ஏறத்தாழ 18 செ.மீ. அதே நேரத்துக்கு மார்கழியில் போய்ப் பாருங்கள். இப்போது தெற்குச் சுவரின் நிழல்தான் மாடிக்குள் வந்திருக்கும். வடக்கு நோக்கி 74 செ.மீ. நீண்டு கிடக்கும்.

நிழல் பக்கம் மாறினால் சூரியனும் பக்கம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? மார்கழி மதியத்தில் சூரியன் தலைக்குத் தெற்கே இருக்கிறது. ஆனியில் வடக்கே. நடுவில் ஒரு நாள் அது சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்தே ஆக வேண்டும். சென்னைப் பக்கம் அந்த நாள் ஏப்ரல் 24 வாக்கில் வரும். திரும்பிப் போகும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை வரும். நட்டு வைத்த குச்சிக்கு அன்று நடுப்பகலில் நிழலே இருக்காது. பூஜ்ஜிய நிழல் நாள் என்று சில பள்ளிகளில் அதைக் கொண்டாடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4-க்குள் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டிருக்கும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அந்த வெயிலில் அண்ணாந்து பார்க்க யாருக்கு மனசு வரும்?

அண்ணாந்து பார்க்கவும் கூடாது. சூரியனை நேராகப் பார்த்தால் கண்ணின் விழித்திரை சுட்டுப்போகும். வலிக்காது, ஆனால் பார்வை போய்விடும். ஆகவே நமக்குப் பதிலாக ஒரு தாளைப் பார்க்கவிடுவோம். ஒரே தாளில், ஆறு மாதம் முழுக்க, சூரியன் போன எல்லாப் பாதைகளும் விழுமாறு படம் பிடிப்போம். இதற்கு லென்ஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், செல்போனும் வேண்டாம். ஒரு இருட்டுப் பெட்டி, அதில் ஊசியால் போட்ட ஒரு துளை, உள்ளே ஒளிபட்டால் கறுக்கும் தாள். இவ்வளவுதான். ஊசித்துளைக் கேமராவைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மெழுகுவத்தி தலைகீழாகத் தெரியும் அதே பெட்டிதான்.

இந்தக் கலைக்கு சோலார்கிராஃபி என்று பெயர். 2000-ஆம் ஆண்டு போலந்தைச் சேர்ந்த ஸ்வாவோமிர் டெசிக், பவெவ் குலா, ஸ்பெயினைச் சேர்ந்த தியேகோ லோபஸ் கால்வின் ஆகிய மூவர் ‘சொலாரிஸ்’ என்ற திட்டமாக இதைத் தொடங்கினார்கள். ஊசித்துளை டப்பாக்களைப் பல நாடுகளில் மாட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

காத்திருப்பதில் பெரிய சாதனை இங்கிலாந்தில் நடந்தது. அதுவும் மறதியால்! ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில், 2012-இல் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி ஒரு காலி பான டின்னுக்குள் தாளை வைத்து ஒரு தொலைநோக்கியின் மேல் கட்டினார். அப்புறம் மறந்துபோனார். 2020 செப்டம்பரில் ஆய்வகத்தின் தொழில்நுட்ப அலுவலர் டேவிட் கேம்ப்பெல் அதைக் கண்டு கழற்றினார். எட்டு ஆண்டு ஒரு மாதம் ஒளி வாங்கிய தாள் அது. அதில் இருந்த சூரியப் பாதைகள் 2,953. உலகிலேயே மிக நீண்ட நேரம் எடுத்த ஒளிப்படம் என்று செய்தியானது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் படிப்புக்கு எட்டு ஆண்டு தேவையில்லை. டிசம்பர் 22 வாக்கில் தெற்குக் கோடியில் இருக்கும் சூரியன் ஜூன் 21 வாக்கில் வடக்குக் கோடிக்குப் போகிறது. பிறகு வந்த வழியிலேயே திரும்புகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் பழைய கோட்டின் மேலேயே புதிய கோடு விழும்.

சரி, அந்த இங்கிலாந்து டின்னைப் போலவே நாமும் ஒன்று செய்து, தெற்கு நோக்கி நிமிர்த்திக் கட்டிவிடலாமா? இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன. ஆவடியில் அப்படிச் செய்தால் ஏமாந்து போவீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனில் டிசம்பர் மதியத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறும். ஜூனில்கூட 62 டிகிரி. ஆண்டு முழுக்க அது தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால் தெற்கு நோக்கிய டின்னில் பெரும்பாலான நாட்களின் வளைவுகள் அழகாக விழுந்துவிடும். நம் ஊர் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே மார்கழி மதியத்திலேயே, அதாவது சூரியன் மிகத் தாழ்ந்து போகும் நாளிலேயே, உயரம் 53 டிகிரிக்கு மேல். 6 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். துளை சுவரின் நடுவில் இருக்கிறது. எதிர்ச்சுவர் துளையிலிருந்து 6 செ.மீ. தள்ளி. துளைக்குக் கீழே உள்ள தாளின் உயரமும் 6 செ.மீ. ஆக, நேர் எதிரே 45 டிகிரி உயரம் வரைதான் வானம் தாளில் விழும். நம் ஊர் மதியச் சூரியன் ஒரு நாள்கூட அதற்குள் வராது! காலையும் மாலையும் பக்கவாட்டில் கொஞ்சம் கோடு விழும். உச்சிவேளை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

எனவே நம் கேமரா படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கு டின்னைவிட நல்ல பொருள் பிளம்பர் வேலை நடக்கும் எந்த வீட்டிலும் கிடைக்கும். 63 மி.மீ. பிவிசி பைப்பின் ஒரு துண்டு. உள்விட்டம் ஏறத்தாழ 6 செ.மீ. இருக்கும். 13 செ.மீ. நீளத்துக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மூட எண்ட் கேப் வாங்குங்கள். பைப்பின் நடுவில் 10 மி.மீ. அகலத்துக்கு ஓர் ஓட்டை துளைக்க வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பிவிசி பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

அடுத்து ஊசித்துளை. குளிர்பான டின்னிலிருந்து தபால்தலை அளவுக்கு ஒரு தகடு வெட்டுங்கள். ஓரம் கையைக் கிழிக்கும், கவனம். தகட்டை அட்டை மேல் வைத்து, தையல் ஊசியின் நுனி மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுத்துங்கள். ஊசியை முழுதாக இறக்கிவிட்டால் துளை பெரிதாகிப் படம் மங்கிவிடும். 0.3 மி.மீ. போதும். பின்பக்கம் புடைத்திருக்கும் பிசிறை உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். தகட்டை பைப்பின் ஓட்டை மேல் வைத்து ஓரங்களை எம்-சீல் போட்டு அடையுங்கள். துளை மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். அதுதான் நம் கேமராவின் கதவு.

இனி தாள். இதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஸ்டேஷனரி கடையில் ‘போட்டோ பேப்பர்’ என்று கேட்டால் பிரிண்டரில் போடும் பளபளப்பான தாளைத் தருவார்கள். அதற்கு ஒளி பட்டால் ஒன்றும் ஆகாது. நமக்கு வேண்டியது இருட்டறையில் படம் கழுவப் பயன்பட்ட, வெள்ளி உப்பு பூசிய கறுப்பு வெள்ளைத் தாள். 5-க்கு 7 அங்குலத் தாள் நம் பைப்புக்குள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இல்ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் இன்றும் இதைச் செய்கின்றன. உங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ ஏதாவது இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். பிரிக்காத பெட்டி ஒன்று பரணில் கிடக்கலாம். காலாவதியான தாளாக இருந்தாலும் பரவாயில்லை. இரவில், சன்னலைச் சாத்திவிட்டு, சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் மட்டும் பெட்டியைப் பிரிக்க வேண்டும். 7 அங்குலப் பக்கத்தை 16 செ.மீ.க்கு வெட்டி, பளபளப்பான பக்கம் உள்நோக்கி இருக்கும்படி சுருட்டி பைப்புக்குள் வையுங்கள். தாள் துளையை மறைக்கக் கூடாது. இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் துளை வர வேண்டும். மூடிகளைப் போட்டு டேப் சுற்றுங்கள்.

ஆறு மாதம் ஒளி பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. சாதாரணமாக இந்தத் தாளில் ஒளி படுவது ஒரு நொடியோ சில நொடிகளோ. அப்போது தாளில் எதுவும் தெரியாது. டெவலப்பர் என்ற வேதிக் கரைசலில் போட்ட பிறகுதான் படம் மேலே வரும். நாம் அந்தக் கரைசலையே பயன்படுத்தப் போவதில்லை. கரைசலின் உதவியில்லாமல் ஒளி தானாகவே வெள்ளி உப்பை உடைத்து, வெள்ளித் துகளாக மாற்ற வேண்டும் என்றால் அதற்கு ஏராளமான ஒளி தேவை. ஊசித்துளை வழியே வருவதோ கொஞ்சம்தான். நேரடிச் சூரியனுக்கு மட்டும் ஒரே நாளில் கோடு கிழிக்கும் வலு உண்டு. நீல வானம் மெதுவாக, மாதக்கணக்கில் சாம்பல் பூசும். பறக்கும் காக்கை, கொடியில் ஆடும் துணி எதுவும் தாளில் பதியாது. ஓரிடத்தில் நிற்காத எதையும் இந்தக் கேமரா கண்டுகொள்ளாது.

இப்போது முக்கியமான வேலை, கேமராவை வைப்பது. 30 செ.மீ. நீளப் பலகை ஒன்றின் மேல் பைப்பை நீளவாக்கில் படுக்க வைத்து, ஊசித்துளை மேலே பார்க்கக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். பலகை வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். திசை தெரிய, மதியம் 12 மணி 10 நிமிடம் வாக்கில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அதன் நிழலைப் பாருங்கள். நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் பொதுவானது. 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கத்தின் நேரம். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நம் ஊர் நடுப்பகல் சராசரியாக 10 நிமிடம் தாமதம். பிறகு, பலகையின் வடக்கு முனைக்கு அடியில் ஒரு செங்கல்லைப் படுக்க வையுங்கள். செங்கல்லின் தடிமன் ஏறத்தாழ 7 செ.மீ. 30 செ.மீ. பலகையை 7 செ.மீ. தூக்கினால் சாய்வு 13 டிகிரிக்குச் சற்று மேல். நம் ஊரின் அட்சமும் 13 டிகிரி!

இந்தச் சாய்வு எதற்கு? இப்போது உங்கள் பைப்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. அதன் வடக்கு வாய் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கிறது. பூமி தன் அச்சில் சுழல்வதால்தான் சூரியன் நகர்வதுபோல் தெரிகிறது. அச்சுக்கு இணையான உருளைக்குள் அந்த நகர்வு ஒரே சீராக விழும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். ஒன்பதாம் வகுப்பு அக்காவிடம் கேட்டால் வட்டத்தேற்றம் ஒன்றைச் சொல்லுவார். ஒரே வில், மையத்தில் தாங்கும் கோணம் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரண்டு மடங்கு. நம் துளை பரிதியில்தானே இருக்கிறது? ஆகவே துளையில் 15 டிகிரி என்பது உருளையின் மையத்தில் 30 டிகிரி. சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் பைப்பில் அது ஏறத்தாழ 1.6 செ.மீ. காலை 9 முதல் 10 வரைக்கும் 1.6 செ.மீ. நண்பகல் 12 முதல் 1 வரைக்கும் அதே 1.6 செ.மீ. தேற்றத்தைப் படித்தவர்கள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். இங்கே அது ஒரு சூரியக் கடிகாரமாகிவிடுகிறது.

தாளை வெளியே எடுத்து விரித்தால் என்ன தெரியும்? மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களின் பாதை நேர்கோடாக இருக்கும். அதற்கு ஒரு பக்கம் மார்கழிப் பாதை, மறுபக்கம் ஆனிப் பாதை. நடுவில் அகன்று ஓரங்களுக்குப் போகப் போக ஒடுங்கும். மொத்தத்தில் ஒரு மாவிலை வடிவம். இலையின் நடு அகலம் ஏறத்தாழ 5 செ.மீ. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வந்த அகலம் அது. அடிக்கோலால் அளந்து, அச்சின் சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம்.

கோடுகள் தனித்தனியாகத் தெரியுமா? இங்கேதான் ஒரு வேடிக்கை. சூரிய வட்டம் வானில் அரை டிகிரி அகலம். நம் தாளில் அதன் உருவம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் மார்ச் மாதத்தில்கூட சூரியன் ஒரு நாளைக்கு வடக்கே நகர்வது 0.4 டிகிரிதான். டிசம்பர், ஜூன் கடைசியில் அதுவும் இல்லை, ஏறக்குறைய நின்றுவிடும். ஆக, இன்றைய கோடும் நாளைய கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் தெளிவாக இருந்தால் கோடுகள் சேர்ந்து ஒரே பட்டையாகிவிடும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது மேகம்தான்! மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்திருக்கும். கோடை இடி மழை மாலை மூன்று மணிக்கு வந்தால், கோடு மூன்று மணியோடு நின்றிருக்கும். அந்த இடைவெளியை மணியோடு சேர்த்துப் படிக்கலாம்.

இன்னொன்றையும் படத்தில் பாருங்கள். தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் தாளோ பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பே, மார்கழி 7 வாக்கிலேயே, சூரியன் திரும்பிவிட்டதைக் காட்டும். பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில்தான் நடந்தன. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெதுவாகத் தள்ளாடுகிறது. அந்தத் தள்ளாட்டத்தில் நட்சத்திரக் கணக்கில் ஓடும் நம் நாட்காட்டி விலகிப்போய்விட்டது.

படுத்திருக்கும் கேமராவில் வீடு, மரம் எதுவும் விழாது. சூரியப் பாதை மட்டுமே. காலை ஏழரைக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் பைப்பின் கனமே சூரியனை மறைத்துவிடும். எனக்கு அதில் குறையில்லை, அளப்பதற்கு அதுதான் வசதி. அழகான படம்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டாவது பைப்பு ஒன்று செய்து கிழக்கு நோக்கி நிமிர்த்திக் கட்டுங்கள். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை, கேபிள் தட்டு எல்லாம் நிழலுருவாக விழும். அவற்றின் மேல் உதயச் சூரியனின் கோடுகள் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஏறும். நம் ஊரில் உதயம் நேர்கிழக்கிலிருந்து தெற்கே 24 டிகிரி, வடக்கே 24 டிகிரி வரை ஊசலாடும்.

எங்கே வைப்பது என்பதில் விளையாட்டு வேண்டாம். உங்கள் வீட்டு மாடி அல்லது அனுமதி பெற்றுப் பள்ளி மாடி. ஏரிக்கரைக் கம்பத்திலோ ரயில் நிலையத்திலோ கட்டாதீர்கள். கறுப்பு டேப் சுற்றிய பைப்பு பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரி தெரியும். 2016-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் மாணவர்கள் பாலத்தில் ஒட்டிய ஊசித்துளைக் கேமராவைக் குண்டு என்று நினைத்துச் சாலையையே மூடினார்கள். டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கும் ஆவடியில் சொல்லவே வேண்டாம். ‘ஊசித்துளைக் கேமரா, தொடாதீர்கள்’ என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

துளை மேல் ஒட்டிய டேப்பை உரித்துத் தொடங்க நல்ல நாள் டிசம்பர் 22. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும். அடுத்த ஆறு மாதமும் பெரும்பாலும் காய்ந்த மாதங்கள். மேலே பார்க்கும் துளையில் தண்ணீர் தேங்கினால் படம் கெடும் என்பதால் நமக்கு அது வசதி. ஊசித்துளை வழியே தண்ணீர் எளிதில் இறங்காது. ஆனால் தூசி அடைக்கும். மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடையுங்கள். பைப்பை மட்டும் அசைக்காதீர்கள்.

ஜூன் 21 கழிந்ததும் துளையை டேப்பால் மூடி, பைப்பைக் கழற்றி, மங்கலான அறையில் தாளை எடுங்கள். கறுப்பு வெள்ளைத் தாளில் ஊதாவும் பழுப்பும் கலந்த நிறங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளித் துகள்களின் அளவைப் பொறுத்து அப்படி வரும். தாளைக் கழுவ வேண்டாம், ஸ்டுடியோக்காரர் ஃபிக்சரில் போடலாம் என்றாலும் வேண்டாம், படம் வெளிறிவிடும். நேராக ஸ்கேனரில் ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் விளக்கும் ஒளிதான், அதுவும் தாளைக் கறுக்கவைக்கும். கணினியில் கறுப்பை வெள்ளையாகத் திருப்பிவிட்டு, இட வலத்தையும் மாற்றுங்கள்.

இதைத் தனியாகச் செய்வதைவிட மூவராகச் செய்யுங்கள். அம்பத்தூரில் ஒருவர், ஆவடியில் ஒருவர், பூந்தமல்லியில் ஒருவர், ஒரே நாளில் தொடங்குங்கள். மூன்று தாளிலும் சூரியப் பாதை ஒன்றாகவே இருக்கும். மேகம் அறுத்த இடங்கள் மட்டும் வேறுபடும். ஒரு கோடை மழை பூந்தமல்லியில் கொட்டிவிட்டு அம்பத்தூரை எட்டிப் பார்க்காமல் போனதா என்பதை அப்போது ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். தாளின் பின்புறம் ஊர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, துளை பார்த்த திசை ஆகிய நான்கையும் பென்சிலால் எழுத மறக்காதீர்கள். அவை இல்லாமல் எந்தக் கோடு எந்த மாதத்தினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.